அவள் கண் திறந்திருக்கும்போதே: வீட்டில் ஒரு தாய்க்கு விடை கொடுப்பது எப்படி

என் மனைவி வீட்டில்தான் இறந்தாள். சினைப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்த நாளிலிருந்து 19 மாதம். கடைசி 5 வாரம் எங்கள் படுக்கையறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட கட்டிலில் இருந்தாள். அப்போது மகளுக்கு வயது 16, மகனுக்கு 7. அவளுடைய அம்மாவும் எங்களோடு இருந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

அந்த 5 வாரத்துக்கு முன்னால் யாராவது என்னை உட்காரவைத்து, இது இப்படித்தான் நடக்கும், இதற்கு இதைச் செய், இதற்குப் பயப்படாதே என்று சொல்லியிருந்தால் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும். இன்று அதே இடத்தில் நிற்கும் ஒரு கணவருக்கோ மகளுக்கோ உதவட்டும் என்று எழுதுகிறேன். சடங்குகளைப் பற்றி இதில் எதுவும் இல்லை. அது ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்வது.

விடை கொடுப்பது என்றாலே நமக்கு இறுதிச் சடங்குதான் நினைவுக்கு வருகிறது. அதில் அவள் இல்லை. அவள் நம்மைப் பார்க்கிற, பதில் சொல்கிற நாட்களிலேயே அது தொடங்கிவிட வேண்டும். நான் தாமதமாகத்தான் தொடங்கினேன். அவள் பேச்செடுத்தபோதெல்லாம் "இப்ப எதுக்கு அதெல்லாம், சரியாயிடும்" என்று மூன்று முறை மறித்துவிட்டேன். நான்காவது முறை அவள் பேச்சை எடுக்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து நானாகப் போய்க் கேட்டேன். அந்த ஒரு மாதம் திரும்பி வராது.

அவளிடமே கேளுங்கள்

எப்படிக் கேட்பது என்பதுதான் பெரிய தயக்கம். "உன் கடைசி ஆசை என்ன?" என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. நான் கேட்டது இதுதான்: "உனக்கு இப்ப எதை நினைச்சா பயமா இருக்கு?" அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலி இல்லீங்க. மூச்சு முட்டுமோன்னுதான்" என்றாள். 19 மாதமாக நான் வலியைப் பற்றியே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பயந்தது வேறொன்றுக்கு.

பயம் இன்னதென்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு வழி இருக்கிறது. நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர் தரும் மருத்துவரிடம் சொன்னோம். மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் உதவும் என்றார். கையடக்க மின்விசிறியால் மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகக் காற்று படும்படி பிடித்தாலே திணறும் உணர்வு குறையும் என்றும் சொன்னார். இரண்டும் உண்மையாகவே வேலை செய்தன. மார்ஃபின் என்றதும் சீக்கிரம் கொன்றுவிடும் என்று பயந்து மருந்தை மறைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரியான அளவில், மருத்துவர் சொன்னபடி கொடுத்தால் அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. ஆனால் மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியராகவும் பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின் மருத்துவம் படித்தவர். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ஒரே வலி என்றார் அவர். என் மனைவிக்கு வலி மருந்து வேலை செய்யாத இரவுகள் சில இருந்தன. அதில் ஒரு இரவு அவள் மனதில் இருந்தது மகளின் பரீட்சைக் கட்டணம். கட்டியாயிற்று என்று ரசீதைக் காட்டினேன். அப்புறம் தூங்கினாள். இதுபோல அரைகுறையாக நிற்கும் வேலைகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, முடித்ததை அவள் கண் முன்னாலேயே அடித்துக் காட்டுங்கள்.

வேறு என்னென்ன கேட்க வேண்டும்? யார் வந்தால் பிடிக்கும், யார் வர வேண்டாம். கடைசியில் வீட்டிலா, மருத்துவமனையிலா. மூச்சு நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டுமா, வேண்டாமா. வேண்டாம் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண் தானம் செய்ய விருப்பமா. கருவிழியைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதனால் யாருக்குப் போன் செய்வது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எந்த உடை, எந்தப் படம். போனின் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

மரண அறிவிப்பில் என்ன எழுதுவது என்பதையும் கேளுங்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவள் 20 வருடம் அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்தவள், அதாவது அச்சாகும் முன் பிழை திருத்தியவள். சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்கமாட்டாள். தன் மரண அறிவிப்பை இப்போதே எழுதிக் காட்டச் சொன்னாள். நான் முடியாது என்றேன். "பின்ன, பிழையோட போடப்போறீங்களா?" என்றாள். எழுதினேன். "அன்பான இல்லத்தரசி, ஈடு இணையற்ற தாய்" என்று தொடங்கியிருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை மடியில் தலையணைமேல் வைத்து, மெதுவாகப் படித்தாள். கை நடுங்கியது, கோடு நேராக வரவில்லை. "இல்லத்தரசி"யை அடித்துவிட்டு "புரூஃப் பார்ப்பவர்" என்று மேலே எழுதினாள். "ஈடு இணையற்ற" என்பதையும் அடித்தாள். அத்தையின் பெயர் விட்டுப்போயிருந்தது. அதை ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டாள். "பெத்தவங்க பேர் இல்லாம ஒரு அறிவிப்பா?" என்றாள்.

அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒருத்தி மனைவியாகவும் தாயாகவும் இருக்கும்போதே மகளாக, தோழியாக, ஒரு தொழில் தெரிந்தவளாக இருந்திருக்கிறாள். அறிவிப்பு எழுதும்போது அதை விட்டுவிடாதீர்கள். அவளோடு வேலை செய்தவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். நம் துக்கத்தில் அவர்களை மறந்துவிடுவோம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம்

எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றால் யாராலும் எதுவும் பேச முடியாது. ஒருவர் அழுதால் இன்னொருவர் தேற்ற வேண்டியிருக்கும், அவ்வளவில் நேரம் போய்விடும். அதனால் ஒருவர் உள்ளே, கதவு சாத்தி, கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு ஒருவர் வெளியே இருக்கட்டும். அவளுக்குத் தெளிவான நேரம் எதுவென்று பார்த்து வையுங்கள். என் மனைவிக்கு காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை. மதியத்துக்கு மேல் பேச்சு குழறும்.

என்ன பேசுவது? பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னிப்பு கேளுங்கள். ஏதாவது மனதில் உறுத்திக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். நன்றி சொல்லுங்கள், எதற்கென்று குறிப்பாகச் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் நன்றி" என்றால் காதில் தங்காது. எனக்கு வேலை போன வருடம் அவள் இரவு 2 மணி வரை விளக்கு போட்டுக்கொண்டு புரூஃப் பார்த்ததைச் சொல்லி நன்றி சொன்னேன். "அதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். பத்து வருடத்தில் ஒரு முறைகூட நான் அதைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேசத் தெரியாதவர்கள் ஏதாவது செய்யலாம். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கீமோவுக்குப் பிறகு ஒரு விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த முடியைத் தினமும் காலையில் சீப்பால் வாரிவிடுவார். வாருவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வகிடு எடுப்பார். என் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். மகளை இழக்கிற தாயை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. எல்லோரும் கணவனையும் குழந்தைகளையும்தான் தேற்றுவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கும் கதவு சாத்திய ஒரு கால் மணி நேரம் கொடுங்கள்.

அப்புறம் குரல். நாங்கள் போனில் பதிவு செய்தோம். முதலில் மகளின் கல்யாணத்துக்கு, மகனின் 18-வது பிறந்தநாளுக்கு என்று தனித்தனியாகப் பேசச் சொன்னேன். இரண்டு வரிக்கு மேல் அவளால் முடியவில்லை. நானும் தாங்கவில்லை. பிறகு மகனின் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னோம். அவள் வாசித்தாள், நடுவில் ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்து அதையும் சொன்னாள். 6 நிமிடம். குழந்தைகள் இன்று போட்டுக் கேட்பது அதைத்தான். சாதாரணமாகப் பேசுவதைப் பதியுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பதியுங்கள். அன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். போன் எண்ணை ரத்து செய்யும் முன் அதில் இருக்கும் குரல் செய்திகளையும் எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்வது

உறவுக்காரர் ஒருவர் மகனிடம் "அம்மா தூங்கப் போறா, ரொம்ப நாள் தூங்குவா" என்று சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அன்று இரவு அவன் தூங்கவில்லை. 12 மணிக்கு என்னை எழுப்பி, "நான் தூங்கினா எந்திரிப்பேனாப்பா?" என்று கேட்டான்.

இறப்பு என்ற சொல்லையே சொல்லுங்கள். தூங்குகிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதெல்லாம் வேண்டாம். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று குழந்தைக்குத் தெரியும், அதனால் காத்திருக்கும். செத்தவர் திரும்ப மாட்டார், உடம்பு எல்லா வேலையையும் நிறுத்திவிடும், எல்லா உயிருக்கும் இது உண்டு என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 வயதிலிருந்து 7 வயதுக்குள் புரிய ஆரம்பிக்கிறது. அதற்கும் சின்னக் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொல்ல வேண்டியதுதான்.

வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் குழந்தையின் மனதில் மூன்று கேள்வி இருக்கும். இது என்னால் வந்ததா? எனக்கும் வருமா? இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். நான் மகனிடம் சொன்னது: "அம்மா வயித்துக்குள்ள கட்டி வந்துச்சு. நீ பண்ண எதனாலயும் வரல. கூட இருந்தா ஒட்டிக்கிற நோய் இல்ல, நீ பக்கத்துல படுத்துக்கலாம். டாக்டர்ங்க எல்லா மருந்தும் குடுத்துட்டாங்க, இனி சரியாகாது. அம்மா சீக்கிரம் செத்துப்போயிடுவா. உன்னை நானும் அக்காவும் பாட்டியும் பாத்துக்குவோம்." அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் தொண்டை அடைத்தது. அவன் கேட்டது: "பள்ளிக்கூடத்துல இருந்து யார் கூட்டிட்டு வருவாங்க?" நான் என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டான். குழந்தைகள் அப்படித்தான். அழுவார்கள், பத்து நிமிடத்தில் விளையாடுவார்கள், மறுபடி வருவார்கள். அதைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைக்காதீர்கள்.

அந்த வாரம் அவனுக்கு ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. தினமும் அம்மாவிடம் போய் வாயைத் திறந்து காட்டுவான். அவள் ஆட்காட்டி விரலால் தொட்டுப் பார்த்து "இன்னும் ரெண்டு நாள்" என்பாள். அவன் விடைபெற்றது அப்படித்தான். 16 வயதுப் பெண் வேறு மாதிரி. அவள் அறைக்குள்ளேயே வரமாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை. இரவில் அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரங்களை நோட்டில் எழுதும் வேலையைக் கொடுத்தேன். ஒரு வேலை இருந்ததால் உள்ளே வர அவளுக்குக் காரணம் கிடைத்தது. மூன்றாம் இரவு கட்டிலில் அம்மாவோடு படுத்திருந்தாள்.

கடைசி நாட்களில் உடம்பு

இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெரியாததால்தான் நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடுகிறோம்.

தூக்கம் கூடிக்கொண்டே போகும். சாப்பாடு நிற்கும், பிறகு தண்ணீரும். இங்கேதான் குடும்பத்துக்கு மனசு கேட்காது. சாப்பிடாததால் சாகவில்லை, உடம்பு நிற்கப்போவதால் அதற்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. ஊட்ட முயன்றால் நுரையீரலுக்குள் போய் இருமலும் திணறலும்தான் மிஞ்சும். ஆனால் வாய் காயும். பஞ்சை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈறையும் ஒரு மணிக்கொரு தரம் துடைத்துவிடுங்கள், உதட்டுக்கு ஏதாவது களிம்பு தடவுங்கள். அத்தைக்கு இந்த வேலையைக் கொடுத்தோம். ஊட்ட முடியவில்லையே என்ற தவிப்பு அதில் கொஞ்சம் அடங்கியது.

சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்துபோகும். கை கால் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் ஊதாவும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். மூச்சு மாறும். ஆழமாக வேகமாக இழுத்து, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, சில விநாடி ஒன்றுமே இருக்காது. அரை நிமிடம்கூடப் போகலாம். மறுபடி தொடங்கும். 1818-ல் ஜான் செய்ன், 1854-ல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்த மூச்சு அது, இன்றும் அவர்கள் பெயரில்தான் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்குவதால் வரும் சத்தம். கேட்கிற நமக்குத்தான் கொடுமை, அந்த நிலையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலையைச் சற்று உயர்த்துங்கள். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் மருந்து இருக்கிறது.

சிலருக்கு நடுவில் ஒரு நாள் திடீரென்று தெளிவு வரும். அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அது. என் மனைவிக்கு ஒரு மதியம் முழுக்க அப்படி இருந்தது. எழுந்து உட்கார்ந்து பேசினாள், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அது குணமாவதன் அறிகுறி என்று நினைத்து, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கூடத்தில் நின்றபடி போனில் போனது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு மதியம் வந்தால் போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கண் மூடி, கூப்பிட்டால் பதில் இல்லாத நிலை வந்த பிறகும் பேசுங்கள். கனடாவின் வான்கூவரில் ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் செய்து 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. சாவுக்குச் சில மணி நேரம் முன்னால், எந்த அசைவும் இல்லாதபோதும், சிலருடைய மூளை ஒலிகளுக்குப் பதில் காட்டியிருக்கிறது. கேட்டது புரிகிறதா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் பேச இது போதும். அவளுக்குக் கேட்கக் கூடாததை அந்த அறையில் பேசாதீர்கள் என்பதும் இதோடு சேர்த்தியே.

அந்த நேரம்

நான் 31 மணி நேரம் கட்டிலை விட்டு நகரவில்லை. விடியற்காலை 4:40 மணிக்கு, பஞ்சு நனைக்கத் தண்ணீர் எடுக்க சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. கிண்ணத்தோடு நின்றுகொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

இது எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது என்று பிறகு செவிலியர் சொன்னார். ஆள் நகர்ந்த அந்த இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்கள். உங்களுக்கும் நடந்தால், கைவிட்டுவிட்டோம் என்று உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். 31 மணி நேரம் இருந்ததும் கணக்கில் உண்டு. இதற்காகத்தான் பேச வேண்டியதை முன்னாலேயே பேசிவிடுங்கள் என்று சொல்கிறேன். கடைசி நிமிடத்துக்கென்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

எதிர்பார்த்த மரணம் அவசரம் இல்லை. ஓட வேண்டாம், யாரையும் உடனே கூப்பிட வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்காருங்கள். மரணத்தை உறுதிசெய்து சான்றிதழ் தரும் மருத்துவரின் எண்ணை முன்பே வாங்கி வைத்திருந்தால் ஒரு போன் போதும். கண் தானம் செய்வதாக இருந்தால் மட்டும் அந்த அழைப்பை முதலில் செய்யுங்கள். இமைகளை மூடி ஈரத் துணியை மேலே வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

நாங்கள் ஒரு மணி நேரம் யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளை எழுப்பினேன். மகன் அம்மாவின் கையைத் தொட்டுவிட்டு "சில்லுன்னு இருக்கு" என்றான். தொட வேண்டும் என்றால் தொடட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். எப்படி இருப்பாள் என்று முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்: அசையமாட்டாள், நிறம் வெளுத்திருக்கும், கை குளிர்ந்திருக்கும்.

உடம்பைப் பொறுத்தவரை சில விஷயங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையிலிருந்து விறைப்பு தொடங்கும், 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும். அதனால் கண்ணை மூடுவது, வாயை மூட தாடைக்குக் கீழே சுருட்டிய துண்டை வைப்பது, கை கால்களை நேராக்குவது எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் முடியட்டும். உடை மாற்றத் திருப்பும்போது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் வரலாம். நுரையீரலில் தங்கிய காற்று அது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். சிறுநீர் கழியலாம், அடியில் ஒரு விரிப்பு போடுங்கள். முதுகுப்பக்கம் சிவந்து கறுக்கும், ரத்தம் கீழே இறங்குவதால் வருவது. அடிபட்ட காயம் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எரியூட்டினால் வெடிக்கும், முன்பே அகற்ற வேண்டும். மீதமிருக்கும் மார்ஃபினை அன்றே பூட்டி வைத்து, பிறகு மருத்துவமனையில் ஒப்படையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கழுவுவதும் உடை மாற்றுவதும் குடும்பமே செய்யலாம். அத்தையும் மகளும் செய்தார்கள், நான் வெந்நீர் கொடுத்தேன். மகள் அம்மாவின் வலது கை நடுவிரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் சிவப்பு மைக் கறை. "போகலப்பா" என்றாள். விடு, இருக்கட்டும் என்றேன்.

எல்லோர் முன்னிலும் பேசுவதாக இருந்தால்

மூன்று நான்கு நிமிடம் போதும். குணங்களை அடுக்காதீர்கள். நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், அதில் அவளே தெரிவாள். மகள் பேசினாள். தன் முதல் காதல் கடிதத்தை அம்மா பார்த்துவிட்டதையும், திட்டாமல் மூன்று சந்திப்பிழையைத் திருத்திக் கொடுத்ததையும் சொன்னாள். அவளை அறிந்தவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். பேச்சைப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம்விட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி வேறொருவர் கையில் இருக்கட்டும். பாதியில் முடியாமல் போனால் அவர் வாசிக்கட்டும். முடியாமல் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பிறகு வரும் மாதங்கள்

ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1969-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, மனைவியை இழந்த 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைக் கவனித்தது. முதல் 6 மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அந்த வயதில் எதிர்பார்க்கக் கூடியதைவிட 40 சதவீதம் அதிகம். பெரும்பகுதி இதயம். உங்கள் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால் துக்கம்தான் என்று விட்டுவிடாதீர்கள். நான் என் ரத்த அழுத்த மாத்திரையை 3 வாரம் மறந்திருந்தேன். அதை எடுத்துவைப்பது எப்போதும் அவள் வேலை.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை முதலில் சொன்னது சாகப்போகிறவர்களைப் பற்றி. இழந்தவர்கள் படிப்படியாக ஏறி முடிக்க வேண்டியதில்லை. எனக்குப் பொருந்தியது 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கூட் என்ற ஆய்வாளர்கள் சொன்னதுதான். ஒரு நேரம் இழப்புக்குள் இருப்போம், ஒரு நேரம் கட்டணம், சமையல், பள்ளிக்கூடம் என்று வாழ்க்கைக்குள் இருப்போம், மாறி மாறிப் போய்வருவோம். ஒரு நாள் முழுக்க அவளை நினைக்காமல் வேலை பார்த்துவிட்டால் அது துரோகம் இல்லை. ஆனால் ஒரு வருடம் ஆகியும் பல் துலக்கக்கூட எழ முடியவில்லை என்றால், அல்லது கூடவே போய்விடலாம் என்று தோன்றினால், மருத்துவரிடம் போங்கள். இரண்டாவதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

துணிகளை அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பீரோவை நாங்கள் 8 மாதம் திறக்கவில்லை. அப்புறம் ஒரு மழை நாளில் மகளே திறந்தாள். எதை வைத்துக்கொள்வது என்று மூவரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்தோம். அத்தை கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டார்.

பள்ளி, வங்கி என்று படிவங்கள் வந்துகொண்டே இருக்கும். போன மாதம் மகன் ஒரு படிவத்தோடு வந்தான். தாயின் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். "இதை விட்டுடவாப்பா?" என்றான். எழுது, உன் அம்மா பெயர் அதுதானே என்றேன். மேசையில் குனிந்து எழுதினான், எடுத்துவந்து சரியா என்று காட்டினான். நடுவில் ஒரு எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. அவனே பார்த்துவிட்டான், என் கையிலிருந்து தாளை வாங்கி வைத்தான்.